மெட்ரோ தாமதமானால் பழைய கல்லையா திட்டுவது?

2024 டிசம்பர் 2, ஒரு வாசகரின் கேள்வி

கிரேக்கத்தில் தெசலோனிகி மெட்ரோவைப் போன சனிக்கிழமை ஒருவழியாகத் திறந்துவிட்டார்கள். 2006ல் ஆரம்பித்த வேலை. மொத்தம் 13 நிலையம், 10 கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கு 18 வருடம். தோண்டிய இடமெல்லாம் பானை ஓடு, எலும்பு, கல் ரோடு என்று தொல்லியல்காரர்கள் குறுக்கே வந்து நின்றதுதான் காரணம் என்று படித்தேன். உயிரோடு இருக்கிற ஊருக்கு ரயில் முக்கியமா, செத்துப்போன கடைத்தெரு முக்கியமா? போட்டோ எடுத்துவிட்டு மூடிவிட்டுப் போயிருக்கலாமே?

டிசம்பர் 2, இரவு

18 வருடத்தையும் தொல்லியல் கணக்கில் எழுதாதீர்கள். 2006ல் ஆரம்பிக்கும்போது 2012ல் முடிப்போம் என்றார்கள். நடுவில் 2010ல் கிரேக்க நாடே கடனில் மூழ்கியது. ஒப்பந்ததாரருக்கும் அரசுக்கும் பணத்தகராறு, வழக்கு, சைட் பூட்டு. அந்த ஆண்டுகளில் எந்தப் பானை ஓடும் யாரையும் தடுக்கவில்லை, சம்பளம் வராததுதான் தடுத்தது. தொல்லியலால் தாமதமே இல்லை என்று சொல்லவில்லை, நிறையவே இருந்தது. ஆனால் பழி போட வசதியான ஆள் அது. எதிர்த்துப் பேச வாய் கிடையாது பாருங்கள்.

டிசம்பர் 3

நேற்று அவசரத்தில் எழுதியது, இன்று கொஞ்சம் விரிவாக.

பலர் நினைப்பது போல டனல் இங்கே பிரச்சினையே இல்லை. டனல் துளைக்கும் இயந்திரம் (டி.பி.எம்.) போகும் ஆழம் வேறு, மனிதர்கள் வாழ்ந்த மண்ணடுக்கு வேறு. தெசலோனிகியில் சில இடங்களில் 30 மீட்டர் ஆழம் வரை டனலை இறக்கியதே பழைய ஊருக்கு அடியில் போய்விடலாம் என்றுதான். அந்த ஆழத்தில் யாரும் கடை வைத்திருக்கவில்லை, களிமண்தான். சிக்கல் நிலையத்தில். டனல் எவ்வளவு ஆழத்தில் போனாலும் பயணி மேலே இருந்துதான் இறங்கி வர வேண்டும். அதற்கு ஒரு பெரிய பெட்டி, படிக்கட்டு, எஸ்கலேட்டர், காற்று போக வர ஷாப்ட், தீப்பிடித்தால் ஓடிவரத் தனி வழி. இவ்வளவும் தரையிலிருந்து கீழே வரை நடுவில் இருக்கும் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு இறங்கும்.

நிலையத்தை எங்கே வைப்போம்? கூட்டம் இருக்கும் இடத்தில். கூட்டம் எங்கே? பழைய ஊர்களில் 2000 வருடமாக அதே இடத்தில்தான். தெசலோனிகியின் எக்னாசியா தெருவும் அதற்கடியில் கிடைத்த ரோமானிய முதன்மைச் சாலையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் ஓடுகின்றன. ஆகவே கடைவீதியில் நிலையம் கேட்டால் பழைய கடைவீதியும் சேர்ந்தே வரும். இது யாருக்கும் திடீர் அதிர்ச்சியாக இருந்திருக்க முடியாது. ஊர் உருவானது கி.மு. 315ல், பிறகு ரோம், பைசாந்தியம் என்ற கிழக்கு ரோமப் பேரரசு, 1430 முதல் 1912 வரை ஓட்டோமான் துருக்கியர். நடுவில் ஊர் காலியானதே இல்லை.

டிசம்பர் 3, மறுபடி

“போட்டோ எடுத்துவிட்டு மூடிவிட்டு” என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டேன்.

நானும் மெட்ரோ சைட்டில் இருந்தவன். ஊர் பெயர் வேண்டாம், வடக்கே ஒரு பழைய ஊர், நிலையப் பெட்டி வேலை. டி-வால், அதாவது குழியைச் சுற்றி மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் சுவர், முடிந்து மேல் மண் அள்ளும்போது ஒரு மூலையில் செங்கல் கிணறு வந்தது. வாய் அகலம் இரண்டு ஆள் கை கோத்தால் சுற்றலாம். மெல்லிய செங்கல், இன்றைய அளவே இல்லை, சுண்ணாம்புக் கலவை. எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர்தான் முதலில் நிறுத்தினார், நாங்கள் இல்லை. கிணற்றில் வாளியைப் போட அவருக்கு மனசு வரவில்லை, சாமி குத்தம் என்று பயம். மேலே சொன்னோம். மேலிருந்து வந்த பதில், மதியத்துக்குள் க்ளியர் செய். போட்டோ எடுக்க போனை எடுத்தவரைத் திட்டினார்கள், வெளியே போனால் வேலை நிற்குமாம். டிப்பரில் ஏற்றி அனுப்பினோம். அந்த மாத அறிக்கையில் தொல்பொருள் என்ற கட்டத்தில் “இல்லை” என்று டைப் அடித்த கை என்னுடையதுதான்.

எங்கள் சைட்டில் தொல்லியல் ஆள் என்று ஒருவரும் கிடையாது. அதனால் இப்போது எந்த ஊர் மெட்ரோவாவது “எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை” என்று பெருமையாகச் சொன்னால் நான் கேட்பது ஒரே கேள்விதான்: பார்க்கச் சொல்லி யாரை வைத்திருந்தீர்கள்? தெசலோனிகியில் 3 லட்சத்துக்கும் மேலான தொல்பொருட்கள் வெளியே வந்தன. அந்த ஊர் மண்ணில் மட்டும் விசேஷம் என்று இல்லை. பார்க்க ஆள் இருந்தார்கள், அவர்கள் நில் என்றால் வாளி நிற்க வேண்டும் என்று சட்டம் இருந்தது.

டிசம்பர் 5

மேலே ஒருவர் “அந்தக் கல் ரோடு கதையைச் சொல்லுங்கள்” என்று கேட்டிருக்கிறார். பெரிய கதை. தெரிந்தவரை.

2012ல் ரோமானியர் காலத்துச் சலவைக்கல் சாலையின் ஒரு நீளமான துண்டைக் காட்டினார்கள், 70 மீட்டர் என்று செய்தி. கல்லில் வண்டிச்சக்கரம் தேய்ந்த தடம். சில கற்களில் பிள்ளைகள் விளையாடக் கீறிய கட்டங்கள். சாலை நடுவில் உட்கார்ந்து ஆடினார்களா, வண்டிக்காரன் திட்டினானா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் அடியில் இன்னும் சுமார் 500 வருடம் பழைய கிரேக்கச் சாலை. அப்போது அந்தச் செய்தியில் மெட்ரோ 2016ல் திறக்கும் என்று போட்டிருந்தது. சிரிக்கலாம்.

பெரிய சண்டை வெனிசெலு நிலையத்தில். பைசாந்தியக் காலத்து நாற்சந்தி, சலவைக்கல் முதன்மைச் சாலையைக் குறுக்குத் தெரு வெட்டும் இடம், இரண்டு பக்கமும் கடைகள், பட்டறைகள். ஒரு ஊரின் நடுச்சந்தி அப்படியே கிடைப்பது அபூர்வம். 2013ல் தொல்லியல் கவுன்சில், எல்லாவற்றையும் பெயர்த்து ஊருக்கு மேற்கே பாவ்லோஸ் மெலாஸ் என்ற பழைய ராணுவ முகாமுக்குக் கொண்டுபோகலாம் என்றது. ஊரே கொதித்தது. அன்றைய மேயர் யானிஸ் புட்டாரிஸ் இடத்திலேயே வைக்க வேண்டும் என்ற பக்கம். ஆட்சி மாறியது, இடத்திலேயே வைப்போம், அதைத் தாங்கிப் பிடித்து அடியில் நிலையம் தோண்டுவோம் என்று முடிவு மாறியது. 2019ல் மறுபடி ஆட்சி மாறியது, அந்த டிசம்பரிலேயே கவுன்சில் மறுபடி மாற்றியது: துண்டு துண்டாக எடுப்போம், நிலையத்தைக் கட்டுவோம், திரும்ப அதே இடத்தில் வைப்போம். வெளிநாட்டு அறிஞர்கள் கடிதம் எழுதினார்கள், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் யூரோப்பா நோஸ்ட்ரா அமைப்பு எதிர்த்தது, வழக்கு நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வரை போனது. கடைசியில் எடுத்தார்கள், கட்டினார்கள், திரும்ப வைத்தார்கள்.

இதில் தாமதத்தை யார் கணக்கில் எழுதுவீர்கள்? அகழாய்வு செய்தவர் தன் வேலையை முடித்துவிட்டார். அதற்குப் பிறகு, கிடைத்ததை என்ன செய்வது என்று ஒவ்வொரு ஆட்சியும் ஒரு முடிவு எடுத்ததற்குத்தான் வருடங்கள் போயின.

டிசம்பர் 5, சின்னது

கேள்வி கேட்டவர் “18 வருடம்” என்றதைக் கேட்டால் தெசலோனிகிக்காரர்கள் சிரிப்பார்கள். 1917ல் ஊரின் நடுப்பகுதி தீயில் எரிந்து 70,000 பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அதற்குப் பின் எர்னஸ்ட் எப்ரார் குழு போட்ட நகரத் திட்டத்திலேயே மெட்ரோ யோசனை வந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் கூவெலாஸ் மேயராக இருந்தபோது நிஜமாகவே தோண்ட ஆரம்பித்து, 650 மீட்டர் போனதும் காசில்லாமல் நின்றது. “கூவெலாஸ் குழி” என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மேயர் பதவிக்கு வருபவர்கள் கவனத்துக்கு: பாதியில் விட்டால் பெயர் நிலைக்கும்.

டிசம்பர் 9

இஸ்தான்புல்லை மறந்துவிட்டீர்களே என்று இரண்டு பேர். மறக்கவில்லை, அது தனியாக எழுத வேண்டியது என்று வைத்திருந்தேன்.

மர்மராய் திட்டம், பாஸ்போரஸுக்கு அடியில் ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் ரயில். யெனிகாபி என்ற இடத்தில் பெரிய சந்திப்பு நிலையம். அந்த இடம் லங்கா தோட்டங்கள் என்று பெயர் பெற்ற காய்கறித் தோட்டம், அங்கே விளைந்த வெள்ளரிக்காய்க்கு ஊரில் தனி மதிப்பு. அங்கே வெள்ளரி நன்றாக விளைந்ததற்குக் காரணம் 2004ல் தோண்டியபோது தெரிந்தது: அது தூர்ந்துபோன துறைமுகம். பேரரசன் தியோடோசியஸ் பெயரில் இருந்த துறைமுகம். ஓர் ஓடை கொண்டுவந்து கொட்டிய வண்டல் நூற்றாண்டுக்கணக்காகச் சேர்ந்து கடலை மூடித் தோட்டமாக்கிவிட்டது. அந்த வண்டலுக்குள் 37 கப்பல்கள். 5ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை. சரக்குப் படகு, துடுப்புப் போட்டு ஓட்டும் போர்க்கப்பல் என்று எல்லா வகையும். பைசாந்தியப் போர்க்கப்பலைப் பற்றி அதுவரை ஏட்டில் படித்ததுதான், மரமாக யாரும் பார்த்ததில்லை. ஒரு கப்பலில் சரக்கு ஜாடிகள் அடுக்கியபடியே இருந்தன.

கப்பலைத் தூக்கிவிட்டு இன்னும் கீழே போனால் 8000 ஆண்டுக்கும் முந்தைய புதிய கற்காலக் குடியிருப்பு, சேற்றில் பதிந்த காலடித் தடங்கள். ரயில்காரர்கள் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். அன்றைய பிரதமர் எர்டோகன், நாலு பானை சட்டிக்காக வருடங்கள் போகின்றன என்று மேடையிலேயே சலித்துக்கொண்டார். 2009ல் திறக்க வேண்டியது 2013 அக்டோபர் 29 வரை போனது.

கவனியுங்கள், நாலு வருடம்தான். 37 கப்பலுக்கும் ஒரு கற்கால ஊருக்கும் நாலு வருடம். நூற்றுக்கணக்கான ஆட்கள் வேலை செய்தார்கள். கப்பல் கிடக்கும் இடத்தில் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு மரம் காயாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே பதிவு செய்தார்கள். ஆயிரம் வருடம் ஈரத்தில் கிடந்த மரம் காற்றுப்பட்டால் சுருங்கி வெடித்துவிடும், எனவே வெளியே எடுத்ததும் தண்ணீர்த் தொட்டி, பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலில் வருடக்கணக்காக ஊற வேண்டும். ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் கப்பல்கள் தொட்டியில்தான் இருந்தன.

டிசம்பர் 10

“அப்படியானால் நாலு வருடம் தாமதம் சரி என்கிறீர்களா, அந்த நாலு வருடமும் படகில் கூட்டத்தில் நசுங்கிப் போனவன் என்ன பாவம் செய்தான்?” நியாயமான கேள்வி. மழுப்ப மாட்டேன். தாமதம் இலவசம் இல்லை, அந்த விலையை ஊர்க்காரர்தான் கொடுக்கிறார். ஆனால் தோண்டுவதற்கு முன்பே அந்த நாலு வருடத்தை அட்டவணையில் போட்டிருந்தால் அதற்குப் பெயர் தாமதம் இல்லை. வேலையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். முதலில் ஏலம் விட்டு, இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தி, நாள் வாடகை ஓட ஆரம்பித்த பிறகு தொல்லியல்காரரைக் குழிக்குள் இறக்கினால் அவர் தூரிகையால் தடவும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டமாகத்தான் தெரியும்.

லண்டனில் கிராஸ்ரெயில் என்ற புதிய ரயில்பாதை வேலைக்கு லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் பழைய பெட்லம் இடுகாட்டைத் தோண்டினார்கள், 3000க்கும் மேல் எலும்புக்கூடுகள். அங்கே எடுத்த பற்களில்தான் 1665 கொள்ளைநோய்க்குக் காரணமான பிளேக் கிருமியின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் திட்டமும் சொன்ன தேதிக்குப் பிந்தித்தான் திறந்தது, ஆனால் பழி எலும்புக்கூடு மேல் விழவில்லை, சிக்னல் மென்பொருள் மேல் விழுந்தது.

2025 ஜனவரி 14

பொங்கல் வாழ்த்து. விட்ட இடத்திலிருந்து வேறு ஒரு விஷயம்.

இதுவரை நாம் பேசியதெல்லாம் மண்ணுக்கு அடியில் இருந்தவை. நான் இப்போது ஜெர்மனியில் இருக்கிறேன், கொலோன் பக்கம். இங்கே மெட்ரோ வேலை தரைக்கு மேலே இருந்த வரலாற்றை விழுங்கியது. 2009 மார்ச் 3, நகர ஆவணக் காப்பகம், ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழைய ஏடுகள் இருந்த கட்டடம், சில நிமிடத்தில் பக்கத்துக் குழிக்குள் சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சைட் ஆட்கள் கத்தியதால் ஓடித் தப்பினார்கள். பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் செத்துப்போனார்கள்.

காரணம், டி-வாலில் ஒரு பேனலில், அதாவது அந்தச் சுவரின் ஒரு துண்டில், ஓட்டை. தோண்டும்போது குறுக்கே வந்த பாறையை எடுக்காமல் விட்டதால் அந்த இடத்தில் கான்கிரீட் முழுதாக இறங்கவில்லை என்று விசாரணையில் வந்தது. அந்த வழியாகத் தண்ணீரோடு மண் உள்ளே ஓடி, கட்டடத்துக்கு அடியில் வெற்றிடம். சைட்டில் இருந்தவர்களுக்கு இது வயிற்றைக் கலக்கும். பேனல் ஜாயின்ட் ஒழுகினால் கோணிப்பையை அடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். ஏடுகளில் பெரும்பகுதியை மண்ணிலிருந்து மீட்டுவிட்டார்கள், கிழிந்தும் ஊறியும். சீர்செய்யும் வேலை இன்னும் நடக்கிறது.

தொல்லியல்காரர் கேட்கும் அவகாசத்தை எரிச்சலோடு பார்க்கும் அதே மனநிலைதான் ஒரு பாறைக்காக அரைநாள் நிற்க மறுப்பதும். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று ஒருவர் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2025 ஏப்ரல் 22

தெசலோனிகி போய் வந்தேன். ஈஸ்டர் விடுமுறை, விமானம் மலிவாகக் கிடைத்தது.

ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. முன்பக்கக் கண்ணாடியில் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு டனலைப் பார்க்கிறார்கள், நானும் ஒரு இடம் பிடித்தேன். டிக்கெட் 60 சென்ட். 300 கோடி யூரோவுக்கு மேல் செலவான ரயிலுக்கு 60 சென்ட்.

வெனிசெலுவில் இறங்கி அந்த நாற்சந்தியைப் பார்த்தேன். எடுத்துத் திரும்ப வைத்தார்களே, அந்த இடம். போகும்போது மனசில் ஒரு தீர்ப்போடுதான் போனேன், “இது செட்டிங், அசல் இல்லை” என்று. பார்த்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கற்கள் அதே கற்கள், அதே வரிசை. ஆனால் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதுதான் தொல்லை. முன்பு அந்தக் கல்லுக்குக் கீழே மண்ணும், அதற்குக் கீழே அதைவிடப் பழைய தளமும் இருந்தன. இப்போது கான்கிரீட். கல்லைத் திரும்ப வைக்கலாம், மண்ணடுக்கைத் திரும்ப வைக்க முடியாது. இன்னும் ஐம்பது வருடம் கழித்து நம்மைவிட நல்ல கருவியோடு வருபவருக்கு அங்கே படிக்க எதுவும் இல்லை.

அதே சமயம், அந்த முகாமுக்குக் கொண்டுபோயிருந்தால் அதைப் பார்க்க இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள். காய்கறிப் பையோடு ஒரு அம்மா கைப்பிடியில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார், கல்லைப் பார்க்கவேயில்லை. அவருக்கு அது தினமும் போகும் வழி. எனக்கு அது பிடித்திருந்தது. என் ஓட்டு இன்னும் “அப்படியே தாங்கிப் பிடித்து அடியில் தோண்டு” என்பதற்குத்தான், ஆனால் டிசம்பரில் இருந்த கோபம் இல்லை.

ஏப்ரல் 23

“தாங்கிப் பிடித்துத் தோண்டுவது சாத்தியமே இல்லை, ஏட்டுச்சுரைக்காய்” என்று எழுதியவருக்கு: அடியில் கிடைமட்டமாகக் குழாய்களை வரிசையாகத் தள்ளி ஒரு தளம் போல ஆக்கி, அதற்குக் கீழே தோண்டும் முறை புதிதல்ல. ஓடும் ரயில்பாதைக்கு அடியிலேயே செய்கிறார்கள். செலவு அதிகம், அசைவை நாள்தோறும் அளக்க வேண்டும், நடுவில் ஒரு தூண் வைக்க வேண்டுமென்றால் கல்லில் எதையாவது இழக்க வேண்டும். அங்கே எது கட்டுப்படியாகும் என்பது வேறு விவாதம். சாத்தியமே இல்லை என்பது விவாதத்தை முடிக்கச் சொல்வது.

மெக்சிகோ நகரம் நினைவிருக்கிறதா? 1967ல் பினோ சுவாரஸ் நிலையம் தோண்டும்போது காற்றுக்கடவுள் எஹெகாட்லின் சின்னக் கோயில் மேடை வந்தது. நிலையத்தை அதைச் சுற்றிக் கட்டினார்கள். ரயில் மாறப் போகிறவர்கள் இன்றும் அதைக் கடந்துதான் நடக்கிறார்கள்.

2025 டிசம்பர் 18

இழை ஆறிப்போயிருக்கும், பரவாயில்லை. ரோமில் சி பாதையில் இரண்டு நிலையங்களை இந்த வாரம் திறந்துவிட்டார்கள், கொலோசியம் ஒன்று, போர்த்தா மெத்ரோனியா ஒன்று.

இரண்டாவது நமக்கு முக்கியம். 2016ல் அங்கே ரோமப் பேரரசன் ஹட்ரியன் காலத்துப் படைவீரர் குடியிருப்பு வந்தது, 39 அறைகள், தரையிலிருந்து 9 மீட்டர் கீழே. அதையும் பெயர்த்து எடுத்து, நிலையம் கட்டி, திரும்ப வைத்தார்கள். தெசலோனிகியில் தெருவில் இறங்கிப் போராட்டம், இங்கே அதே வைத்தியத்துக்கு அவ்வளவு சத்தம் இல்லை. ஏன் என்று யோசித்தால், ரோமில் முதலிலேயே இப்படித்தான் செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்தார்கள், ஆட்சிக்கு ஒருமுறை மாற்றவில்லை. 2018ல் திறந்த சான் ஜொவான்னி நிலையத்தில் இறங்க இறங்க எந்த ஆழத்தில் எந்தக் காலம் என்று சுவரில் குறித்திருக்கிறார்கள். அங்கே ஒரு பண்ணையின் பெரிய நீர்த்தொட்டி கிடைத்தது, ரோமானியர் தின்று துப்பிய பீச் கொட்டைகூடக் காட்சியில் இருக்கிறது.

கொலோசியம் நிலையத்தில் கிடைத்தவை பழைய கிணறுகள், 28. காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வேறெதுவும் எழுத வரவில்லை.

2025 டிசம்பர் 19

அடுத்தது பியாட்சா வெனேசியா. டி-வால் 80 மீட்டரைத் தாண்டி இறங்குகிறது, 2030களில்தான் முடியும் என்கிறார்கள். நேற்று ஒருவர் தனியாகக் கேட்டார், “அதுவும் தாமதமானால் அப்போதும் பழைய கல்லுக்கு வக்காலத்து வாங்குவீர்களா?” வாங்குவேன், ஆனால் முதலில் ஒப்பந்தத்தில் அகழாய்வுக்கு எத்தனை மாதம் எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள், பிறகு பேசலாம். பேனல் போடும் படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், அந்த ஆழத்துக்குக் கம்பிக்கூட்டை (கேஜை) எத்தனை துண்டாக இறக்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.